பழைய பாலிஷ்

போடியில் ஜீப் வைத்திருந்த வீடுகளில் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு இரண்டு செலவு. ஒன்று அடுப்பு, இன்னொன்று வண்டி. ஆயுத பூஜை நெருங்கும்போது ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து, பானெட்டில் ஆரம்பித்துப் பின்கதவு வரைக்கும் துடைத்து எடுப்பார்கள். போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போய்வந்த வண்டியில் என்னவெல்லாமோ ஒட்டியிருக்கும். தார்ப் புள்ளி, செம்மண், வாழைத்தார் ஏற்றியதில் வடிந்த கறை. அவற்றோடு சேர்ந்து போன வருஷத்துப் பாலிஷும் பழுப்பாகக் கரைந்து வேஸ்ட்டில் வந்துவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர், உலர்ந்த துணி, கடைசியில் தகர டப்பா மெழுகு பாலிஷ். சாயங்காலம் பானெட்டில் முகம் தெரியும். மறுநாள் அதே பானெட்டில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி மாலை.

பழைய மெழுகை எடுப்பது என்று தனியாக ஒரு வேலை இருப்பதாக அன்று யாரும் நினைத்ததில்லை. அது துடைப்பதில் அடக்கம். இன்று என் அக்கா மகன் தேனி–கம்பம் ரோட்டில் கார் டீட்டெயிலிங் கடை வைத்திருக்கிறான். அங்கே ஒரு வண்டி உள்ளே வந்தால் பாதி நாள் இந்த ஒரு வேலைக்கே போய்விடுகிறது. அன்று மெழுகு அருமை, பெயிண்ட் தடிமன். இன்று மெழுகு மலிவு, பெயிண்ட் மெலிசு. இடையில் நடந்தது இவ்வளவுதான். ஆனால் இது புரியாமல் கெட்டுப்போகிற கார்கள் எங்கள் பள்ளத்தாக்கில் நிறைய.

அன்று ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் பட்டறையில் அடித்தது சிந்தடிக் எனாமல், இல்லாவிட்டால் என்.சி. பெயிண்ட். என்.சி. என்றால் நைட்ரோ செல்லுலோஸ். அமெரிக்காவில் டியூபான்ட் கம்பெனி 1923இல் டூக்கோ என்ற பெயரில் கொண்டுவந்த சரக்கு அது. அதுவரைக்கும் பெயிண்ட் உலர வாரக்கணக்கில் காத்திருந்த கார்த் தொழிற்சாலைகள் அதற்கப்புறம் மணிக்கணக்கில் வேலையை முடித்தன. இந்தப் பெயிண்ட்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். மேலே நிறமில்லாத தனிப் பூச்சு கிடையாது. வெயிலில் நாளாக ஆக மேற்பரப்பு வெளுத்து மாவு பூக்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் மாவு போய் உள்ளிருக்கும் நிறம் எழும். ஒவ்வொரு தேய்ப்பிலும் பெயிண்ட் கொஞ்சம் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மிச்சம் நிறைய இருந்தது, மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் இருந்தது.

பெரியப்பா தேனியில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான். எனக்குக் கொடுத்த வேலை துடைப்பது. ஸ்ப்ரே கன்னைத் தொட விடமாட்டார். வாட்டர் பேப்பரைக் கையில் கொடுக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. ஆனால் அவர் கண்டிப்பெல்லாம் துடைப்பதில்தான் இருந்தது.

"முதல்ல தொட, அப்புறம் தேயி. தேச்சிட்டுத் தொடச்சேன்னு வந்து நின்னேன்னா தோல உரிச்சுப்புடுவேன்டா."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கடைப் பாலிஷ்களில் மெழுகோடு சிலிக்கான் எண்ணெயும் சேர்ந்து வர ஆரம்பித்திருந்தது. சிலிக்கான் இருக்கிற இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாது. அடித்த கையோடு குழி குழியாக விலகிக்கொள்ளும். பட்டறையில் அதற்கு ஃபிஷ் ஐ என்று பேர். பயறளவுக்கு ஒரு வட்டக் குழி, நடுவில் கீழ்ப்பூச்சு தெரியும், ஓரம் மேடு தட்டியிருக்கும். ஒன்று வந்தால் கதவு முழுக்க வரும். அப்புறம் அடித்த பெயிண்டையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பழைய பாலிஷை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால், தாள் போடுகிற கீறலுக்குள் சிலிக்கான் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் மேலாகத் துடைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பெரியப்பாவுக்கு ரசாயனப் பாடம் யாரும் எடுக்கவில்லை. கெட்டுப்போன கதவுகள் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தன.

துடைக்க அவர் சொல்லிக்கொடுத்த முறை இது: இடது கையில் நனைந்த துணி, வலது கையில் காய்ந்த துணி. நனைந்த துணியால் ஒரு கைப்பிடி அகலத்துக்குத் துடைத்ததும், அது ஆவியாகிப் போவதற்குள் காய்ந்த துணியால் ஒரே திசையில் இழுத்தெடுக்க வேண்டும். நனைந்த துணி மெழுகைக் கரைக்கத்தான் செய்யும். எடுப்பது காய்ந்த துணி. தாமதித்தால் கரைந்த மெழுகு அங்கேயே மறுபடி படிந்துவிடும். நாள் முழுக்கத் துடைத்தாலும் இடம் மாற்றி வைத்த கணக்குத்தான். துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். எல்லாப் பக்கமும் அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் வெளிநாட்டிலிருந்து பாட்டிலில் வரும் மருந்துகளின் லேபிளைப் படித்தால் அதே இரண்டு துணி முறைதான் எழுதியிருக்கிறது.

எந்த மருந்து எதற்கு என்பதிலும் பெரியப்பா தெளிவாக இருந்தார். என்.சி. பெயிண்ட் மேல் தின்னர் படக்கூடாது, மெழுகோடு பெயிண்டையும் கரைத்துவிடும். எனாமல் மேல் பட்டால் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். மண்ணெண்ணெய் மெழுகையும் தாரையும் எடுக்கும், ஆனால் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதனால் பின்னாலேயே சோப்புத் தண்ணீர் வேண்டும். பெட்ரோல் சீக்கிரம் எடுக்கும், சீக்கிரம் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் துணியைத் தொட்டாரென்றால் பக்கத்தில் பீடி பிடிப்பவர்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார். துடைத்து முடித்ததும் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி பானெட்டில் விடுவார். வாழை இலையில் விட்ட மாதிரி முத்து முத்தாக உருண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. பாய் விரித்துப் பரவினால் போய்விட்டது.

இலையை உவமை சொல்வதில் ஒரு பொருத்தமும் உண்டு. கார் மெழுகில் உயர்ந்ததென்று சொல்லும் கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிகிற மெழுகுதான். வறண்ட காற்றில் ஓலையின் ஈரம் போய்விடாமல் காக்க அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கொள்வது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து, உருக்கி எடுக்கிறார்கள். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் மற்ற மெழுகுகளைவிட வெயிலைத் தாங்கும். இருந்தாலும் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கறுப்பு பானெட்டைத் தொட முடியாது. வெயிலும் மழையும் சோப்பும் சேர்ந்து அந்த மெழுகை இரண்டு மூன்று மாதத்தில் தின்றுவிடும். அதுவும் ஒரே சீராகப் போகாது. பானெட்டிலும் கூரையிலும் முதலில் போகும், கதவின் கீழ்ப்பகுதியில் நிற்கும். இந்தத் திட்டுத்திட்டான மிச்சம்தான் இன்றைய டீட்டெயிலிங் கடைக்குப் பெரிய தலைவலி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு படிப்படியாக எல்லாம் மாறியது. இன்றைய காரில் தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். நான்கும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் சுற்றி. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு முடியை நெடுக்கப் பிளந்த பாதியளவுதான் காரின் நிறத்துக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்கிறது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அந்தப் பூச்சில்தான் கலந்திருக்கிறது. அதைத் தேய்த்து மெலிசாக்கினால் ஒன்றிரண்டு வருஷத்தில் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியும். எந்த மெழுகாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதற்கு நடுவே மெழுகு மலிந்துவிட்டது. ஊருக்கு ஊர் வாட்டர் சர்வீஸ். நுரைக்குள்ளேயே மெழுகு கலந்த ஷாம்பு. கழுவி முடித்ததும் டேஷ்போர்டுக்கும் டயருக்கும் அடிக்கிற ஸ்ப்ரேயில் சிலிக்கான், அது காற்றில் பறந்து கதவிலும் படியும். பெட்ரோல் பங்கில், கோயில் வாசலில், எக்ஸ்பிரஸ் பாலிஷ் என்று துணியோடு நிற்கும் பையன்கள். ஒவ்வொருவரும் ஒரு படலம் போட்டு அனுப்புகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் குமுளி ரோட்டில் வரிசை கட்டும். அந்த நேரத்தில் ஒரு காருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தாலே அதிகம்.

போன சீசனுக்கு முன்னால் மருமகன் கடைக்கு ஒரு வெள்ளை இன்னோவா வந்தது. கம்பம் பக்கம் திராட்சை வைத்திருக்கிறவர். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான். செராமிக் கோட்டிங் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். மருமகன் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய பூச்சையெல்லாம் முதலில் எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு ஆகும் என்றான்.

"போட்டதுக்கும் காசு குடுத்துருக்கேன், எடுக்குறதுக்கும் காசா தம்பி?"

நியாயமான கேள்வி. மூன்று கடைகளில் பணம் கொடுத்துப் பூசியதை நான்காவது கடையில் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால் யாருக்கும் கேட்கத் தோன்றும். மருமகன் வாயால் விளக்கவில்லை. அவரைக் கூப்பிட்டுக் கதவின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினான்.

கதவில் ஊசிமுனை அளவில் நீலம் கலந்த வெள்ளைப் புள்ளிகள். திராட்சைப் பந்தலுக்கு அடிக்கிற போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கரைத்தது. பந்தல் ஓரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது காற்றில் பறந்து வந்திருக்கிறது. அது வந்தது குற்றமில்லை. அதைக் கழுவி எடுக்காமல் மேலே யாரோ சீலன்ட் போட்டிருக்கிறார்கள். சீலன்ட் என்பது மரத்து மெழுகில்லை, செயற்கைப் பாலிமர். மெழுகைவிட இறுக்கமாகப் பிடிக்கும், ஆறு மாதம் கூட நிற்கும். அதற்கடியில் புள்ளிகள் பத்திரமாக இருந்தன. விரலால் தடவினால் சொரசொரப்பு மேலே தெரியாது. பிளாஸ்டிக் கவரை விரலில் சுற்றித் தடவினால் தெரியும். மருமகன் ஒரு கவரைக் கொடுத்தான். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாய்யா, மணலு" என்றார்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். கிளியர் கோட்டை நேரடியாகப் பிடித்து இறுகினால் வருஷக்கணக்கில் நிற்கும். நடுவில் மெழுகோ சீலன்டோ இருந்தால் அது பிடிப்பது மெழுகை. மெழுகு போகும்போது அதுவும் கூடவே போகும். விளம்பரத்தில் 9எச் கடினம் என்று போடுகிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் அளவு. வைரத்துக்குப் பக்கத்தில் வைக்கிற அளவுகோல் வேறு. அந்த எண்ணை நம்பி, அடியைச் சுத்தம் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய்க்குப் பூசிக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பணம் போவது மட்டுமில்லை, திட்டுத்திட்டாகப் பிடித்த செராமிக்கை எடுக்க மறுபடி மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்புக்குக் கிளியர் கோட்தான் கூலி கொடுக்கிறது.

இன்னோவா வேலையை நான் கூடவே இருந்து பார்த்தேன். முதலில் காரத்தன்மையுள்ள ஷாம்பு. சாதாரண கார் ஷாம்பு காரமும் இல்லாமல் அமிலமும் இல்லாமல் பி.எச். 7 பக்கத்தில் இருக்கும், மெழுகை விட்டுவைக்கும். இது 10க்கு மேல், மெழுகைத் தளர்த்தும். நிழலில், கொஞ்சம் கொஞ்சமாக, காயவிடாமல் அடித்துக் கழுவ வேண்டும். அலுமினிய வரிகளில் காய்ந்தால் கறை போகாது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை வைத்து இதைச் செய்கிறவர்கள் உண்டு. தண்ணீர் முத்தாக நிற்காததைப் பார்த்து மெழுகு போய்விட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் லிக்விடின் மிச்சம் மேலே படிந்து தண்ணீரைப் பரப்பிக் காட்டியிருக்கும், மெழுகில் பாதி அடியிலேயே இருக்கும். நன்றாக அலசிய பிறகு பார்க்கிற தண்ணீர்தான் உண்மை சொல்லும்.

அடுத்தது இரும்புத் துகளுக்கான மருந்து. பிரேக்கிலிருந்து பறக்கும் துகள் வெள்ளைக் கார்களில் நாளடைவில் துருப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். மருந்து பட்டதும் அவை ஊதா நிறமாகக் கரைந்து வழியும். அழுகிய முட்டை வாடை கடையை நிறைக்கும். அதில் இருக்கும் அமோனியம் தயோகிளைகோலேட், பார்லரில் முடியைச் சுருட்டப் பயன்படுத்துகிற மருந்தின் வகையறா. தாருக்குத் தனிக் கரைப்பான். அதற்கு அப்புறமும் கையில் சொரசொரக்கிற மிச்சத்துக்குக் களிமண் கட்டி. பெயருக்குத்தான் களிமண், இழுத்தால் நீளும் செயற்கைப் பிசின். அதற்குள் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த முறை இது. ததாவோ கொதாத்தே என்பவர் 1990களில் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கட்டியை வழுக்கவிட வேண்டும், அழுத்தக்கூடாது. ஆரம்பத்தில் கர்ரென்று சத்தம் கேட்கும். போகப்போக அடங்கி, கட்டி சத்தமில்லாமல் ஓடும். கீழே விழுந்த கட்டியை எடுத்துத் திரும்பப் போடக்கூடாது, தரையின் மணல் ஒட்டியிருக்கும். கடையில் இருக்கிற பையன் ஒருவன் விழுந்த கட்டியை யோசிக்காமல் குப்பைக் கூடையில் போட்டான். விலை உள்ள சரக்கு. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடை மேல் எனக்கு மரியாதை வந்த இடம் அதுதான்.

கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைப்பு. பத்து முதல் இருபத்தைந்து சதவீதத்துக்குள். சரக்கு அதிகமானால் புதுப் பெயிண்ட் இளகும், துணி வழுக்காமல் இழுக்கும். சில மெழுகில், பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். அது போன பிறகுதான் காரின் உண்மையான முகம் தெரியும். இன்னோவாவின் பானெட்டில் வட்ட வட்டமாகச் சிலந்தி வலைக் கீறல்கள் வெளியே வந்தன. மூன்று கடைகளில் போட்ட பளபளப்புக்கு அடியில் இவ்வளவு இருந்திருக்கிறது. அதை மூடி அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

வேகத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தக் காரே சாட்சி. வெளியூரில் ஒரு கடையில் பாலிஷுக்கு விட்டிருந்தேன். பழைய மெழுகைக் கழுவி எடுக்க நேரம் செலவழிக்காமல், முரட்டுக் காம்பவுண்டும் மெஷினும் வைத்து ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்கள். மெழுகு போனது. பானெட்டின் மடிப்பு ஓரத்தில் கிளியர் கோட்டும் போனது. ஓரங்களில் பூச்சு எப்போதும் மெலிசாக உட்கார்ந்திருக்கும், மெஷின் அங்கே அதிகம் அழுத்தும். ஒரு விரல் நீளத்துக்கு நிறம் மங்கி, ஈரத் துணியால் துடைத்தால் மட்டும் சரியாகத் தெரிகிற கோடு ஒன்று இன்னும் இருக்கிறது. மைக்ரான் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் அங்கே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்திருக்கும். மருமகன் கடையில் மெஷினைத் தொடும் முன் ஒவ்வொரு பலகையிலும் மீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். டிங்கரிங் பார்த்த கதவில் பட்டி இருந்தால் அளவு எகிறிக் காட்டும், அதையும் ஓனரிடம் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லா வண்டிக்கும் இந்த வைத்தியம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மலையிலிருந்து ஒரு பழைய சிவப்பு கமாண்டர் ஜீப் வந்தது. எனாமல். ஓனர் தோட்டத்து மேஸ்திரி, வண்டியை மகள் கல்யாணத்துக்குள் பளிச்சென்று ஆக்கித் தரச் சொன்னார். பையன்கள் அதே கார ஷாம்பை எடுத்தார்கள். நான் நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, பாலிஷ எடுக்காம எப்புடி?"

"மெதுவா ஒரு மூலையில தொடச்சுப் பாருப்பா."

துடைத்தான். வெள்ளைத் துணி சிவப்பானது. அழுக்கில்லை, பெயிண்டே வருகிறது. நாள்பட்ட ஒற்றைப் பூச்சில் மேல்தோல் மாவாகிப் பிடிப்பில்லாமல் நிற்கும். அங்கே காரமும் ஆல்கஹாலும் போனால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய், நிறம் இன்னும் வெளுக்கும். கிளியர் கோட் காரில் துணியில் நிறம் வந்தால் அபாயம், வேலையை உடனே நிறுத்த வேண்டும். எனாமல் ஜீப்பில் நிறம் வருவது இயல்பு, எவ்வளவு வரவிடலாம் என்பதுதான் கேள்வி. அதற்குச் சாதாரண ஷாம்பு, தார்ப் புள்ளிக்கு மட்டும் கரைப்பான், எண்ணெய்ப் பசை கூடிய மென்மையான பாலிஷைக் கையால் போட்டு ஊறவைத்து எடுத்தோம். பானெட்டின் நடுவில் வட்டமாக ஒரு கருத்த தடம் மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் பூஜைக்குக் குங்குமம் வைத்த இடம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பொடி பெயிண்டுக்குள் இறங்கியிருந்தது. தேய்த்து எடுத்திருக்கலாம். அவ்வளவு ஆழத்துக்கு அந்தப் பெயிண்ட் தாங்காது. மேஸ்திரியிடம் கேட்டேன். "அது இருக்கட்டும்ணே, அது எங்க அப்பா கை வச்ச எடம்" என்றார்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. அன்று ஜீப்பை முல்லைப் பெரியாற்றில் இறக்கிக் கழுவினார்கள். 1895இல் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர், உப்பு இல்லாத தண்ணீர். கழுவி வெயிலில் விட்டாலும் புள்ளி விழாது. வண்டிக்கு அது நல்லது, ஆற்றுக்குக் கெடுதல். டீசலும் கிரீஸும் மண்ணெண்ணெய் மெழுகும் வானவில் படலமாகப் போய், கீழே குளிக்கிறவர்கள் மேல் ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இன்று கடைகள் போர் தண்ணீரை நம்பியிருக்கின்றன. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் உப்பு இன்னும் கூடும். காரில் காய்ந்தால் வெள்ளை வளையம் விழும். அது சுண்ணாம்பு, மெழுகு எடுக்கிற மருந்துக்கு அசையாது. அதற்கு மெல்லிய அமிலம் வேண்டும். அதனால் மருமகன் கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு நீக்கிய தண்ணீரை வைத்திருக்கிறான். கழுவின தண்ணீர் நேரே வாய்க்காலுக்குப் போகாமல் மணலும் எண்ணெயும் தங்குகிற தொட்டி ஒன்றும் கட்டியிருக்கிறான். அந்தத் தொட்டி இல்லாத கடைகள்தான் ரோடு முழுக்க. வாய்க்கால் போய்ச் சேருவது நெல்லுக்கும் வாழைக்கும். காரம் கலந்த நுரையை அதில் விட யாருக்கும் உரிமை இல்லை. இதை எங்கள் ஊரில் கேட்கிற ஆள் குறைவு என்பது எனக்கு நாள்தோறும் உறுத்துகிறது.

கையையும் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் விரல்கள் கடைசிவரை வெடித்தே இருந்தன, மண்ணெண்ணெயும் தின்னரும் பட்ட தோல். இப்போதைய மருந்துகள் வாசனையாக இருப்பதால் பையன்கள் வெறுங்கையில் தொடுகிறார்கள். தோலின் எண்ணெயைக் காரம் மெழுகோடு சேர்த்தேதான் எடுக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது. நைட்ரைல் கையுறைப் பெட்டியைச் சுவரில் மாட்டச் சொல்லி நான்தான் மருமகனை நச்சரித்தேன். முதலில் பையன்களுக்குக் கூச்சம். பிறகு பழகிவிட்டது. இரும்பு மருந்து அடிக்கும்போது முகமூடியும் போடுகிறார்கள்.

எடுக்கிற வேலைக்கு ரொம்ப நாள் பில்லில் இடமே இல்லை. கோட்டிங்கோடு சேர்த்து ஒரே தொகை. அதனால் அவசரம் வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த வேலைதான், செய்த பையனுக்கும் தனிக் கூலி கிடையாது. இப்போது மருமகன் 'பழைய மெழுகு நீக்கம்' என்று தனி வரி போட்டு எழுதுகிறான். அதில் வருகிற பணத்தில் பையன்களுக்கும் பங்கு. கேள்வி கேட்கிறவர்கள் இன்னும் கேட்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காக பானெட்டின் இடதுபாதியை மட்டும் முதலில் எடுத்து, நன்றாக அலசிவிட்டு, ஓனரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே தண்ணீர் மக்கைக் கொடுத்துவிடுகிறான். வலதுபாதியில் தண்ணீர் உருண்டு நிற்கும், இடதுபாதியில் பரவி ஓடும். இன்னோவாக்காரர் இரண்டு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டு, மிச்சப் பாதியையும் எடுத்துவிடுங்கள் என்றார்.